மோதினால், மோதும் நாள்

அடிவயிறு கலங்கியது என்று எழுதுவார்கள். அது வெறும் எழுத்து நடை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை, சேலம் பஸ் நிலையத்தில், ஒரு பஸ்ஸின் பக்கத்தில் நின்றபோது எனக்கு அது நிஜமாகவே கலங்கியது.

இரண்டாவது உலக யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி அடுப்பு வாயுவில் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டையாம்பட்டி வழியாகத் திருச்செங்கோடு போகும் பஸ்ஸின் பின்புறத்தில் கிளீனர் கைச்சக்கரத்தைச் சுற்றி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கரிப்புகை தொண்டையில் கசந்தது.

பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் நோட்டீஸ், பசை காயாமல் ஒட்டியிருந்தது. அதன் எதிரில் அந்த பஸ்ஸின் டிரைவர் நின்று படித்துக்கொண்டிருந்தார். அவர் சவரிமுத்து, என் அக்கா லூர்தம்மாவின் கணவர். எனக்கு மாமா. படிக்கும்போது தலையை இடது பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். அன்றும் திருப்பியிருந்தார்.

நோட்டீஸில் இப்படி இருந்தது: "பழைய ஹெவி வெயிட் சாம்பியன் சேலம் சவரிமுத்துவும் இன்றைய ஹெவி வெயிட் சாம்பியன் ரெஜியும் மோதும் நாள். ஞாயிறு மாலை நான்கு மணி. மைதானக் கூடாரம். வெற்றி யாருக்கு?"

எழுதியவன் நான். ஆனால் நான் எழுதியது "மோதும் நாள்" அல்ல. "மோதினால்".

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நீ எழுதினதா என்று கேட்டார். ஆமாம் மாமா, அச்சில் தப்பாகிவிட்டது, இன்றே சரி செய்துவிடுகிறேன் என்று வாய் குழறினேன். அவர் மறுபடியும் நோட்டீஸைப் பார்த்தார்.

"எதுக்கு மாப்ளே சரி பண்ணணும்? பேரு சரியாத்தானே போட்டிருக்கு" என்றார்.

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புகை கலையும்வரை நான் அங்கேயே நின்றேன். என் மாமாவுக்கு இடது கண் தெரியாது. பார்த்த டாக்டரை விட்டால் அது உலகத்தில் மூன்றே பேருக்குத் தெரியும். அந்த மூன்று பேரில் நான் ஒருவன்.

ஏழு மணங்கு

போன வாரம் இந்தத் தொடரில் மாமாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்குக் கட்டுக் கட்டாகக் கடிதம். ராசிபுரம் அன்பர் ஒருவர், அந்தக் காலத்து ஹெவி வெயிட் சாம்பியன் பெரியவரா, பிறகு வந்தவர் பெரியவரா, இருவரையும் பார்த்த நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்கிறார். ஐயா, இதே கேள்வியைக் கேட்டுத்தான் நான் நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்.

ஹெவி வெயிட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் சுலபமான பதில் இருந்தது. ஏழு மணங்கு தாண்டினால் ஹெவி வெயிட். இங்கிலீஷ்காரன் நூற்றெழுபத்தைந்து ராத்தல் என்று போட்ட கணக்கு, மணங்குக்கு இருபத்தைந்து ராத்தலாக எங்கள் ஊர் மணங்கில் பிசிறில்லாமல் ஏழுக்கு வந்து நின்றது. அதில் எங்களுக்கு ஒரு பெருமை.

மாமா சண்டை போட்ட காலத்தில் அவரைப் புளி மண்டித் தராசில்தான் நிறுத்தார்கள். ஒரு தட்டில் படிக்கற்கள், இன்னொரு தட்டில் கால் மடக்கி உட்கார்ந்த சவரிமுத்து. ஏழு மணங்கு இரண்டு வீசை. மயிரிழையில் ஹெவி வெயிட் ஆனவர். நிறுப்பதற்கு முன்னால் ஒரு சொம்பு கம்பங்கூழ் குடித்தார் என்று அவரைப் பிடிக்காதவர்கள் சொல்வார்கள். இரண்டு சொம்பு என்று அவரே சொல்வார்.

ரெஜி எட்டரை மணங்கு. ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த ஆங்கிலோ இந்தியப் பையன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கும் ஒரு குத்துச்சண்டைக் கம்பெனியோடு சேலம் வந்திருந்தான். வந்த முதல் வாரத்திலேயே பட்டாளத்து ஆள் ஒருவரை இரண்டாவது ரவுண்டில் மேடைப் பலகையில் படுக்க வைத்தான். அந்தப் பலகைச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. நான் வாசலில்தான் நின்றேன். அடிதடியைக் கிட்டத்தில் பார்க்கும் தெம்பு எனக்கு எப்போதும் கிடையாது.

சுவரில் தொங்கிய சாம்பியன்கள்

தெம்பில்லாதவன் ஏன் இதிலெல்லாம் தலையிட்டேன் என்று கேட்கலாம். எங்கள் வாசகசாலைதான் காரணம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு எண்ணெய்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அது. ஜவுளி மண்டியில் குமாஸ்தா வேலை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவேன். காரியதரிசி என்று பெயர். விளக்குத் துடைப்பதும் பாய் விரிப்பதும் காரியதரிசிதான்.

இங்கிலீஷ் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த குத்துச்சண்டை சாம்பியன்களின் படங்கள் ஒரு சுவர் முழுக்க வரிசையாக ஒட்டியிருந்தன. வெள்ளைக்காரப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது. அதனால் நாங்களே பெயர் வைத்திருந்தோம். முதலில் முறுக்கு மீசை. உறையில்லாமல் வெறுங்கையால் சண்டை போட்ட காலத்து ஆள். அடுத்தது தொப்பை. அதற்கடுத்தது ஒற்றைப் பல். கடைசியில் புதுசு.

மாதம் ஒரு ஞாயிறு விவாதம் நடக்கும். முறுக்கு மீசையும் புதுசும் மோதினால் யார் ஜெயிப்பார்? தொப்பை இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் தாக்குப்பிடிப்பாரா? இரண்டு கட்சி கட்டி, கடைசியில் கை தூக்கி ஓட்டுப் போடுவோம்.

பழைய கட்சிக்காரர்கள் சொல்வது: அந்தக் காலத்தில் உறை மெலிசு, எலும்பு எலும்போடு பேசும். ரவுண்டுக்கு எண்ணிக்கை கிடையாது, ஒருத்தன் விழுகிறவரைக்கும் சண்டை. இப்போதைய ஆட்கள் தலையணையைக் கையில் கட்டிக்கொண்டு ஆறு ரவுண்டு ஆடிவிட்டு மார்க்கு வாங்குகிறார்கள்.

புதிய கட்சிக்காரர்கள் சொல்வது: அந்தக் காலத்து ஆள் நின்ற இடத்தில் நின்று அடி வாங்கினான், அதற்குப் பெயர் வீரமா? இன்றைய ஆளுக்குக் கால் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, முட்டையும் பாலும் இருக்கிறது. மீசையை இவன் தொடுவதற்குள் மீசை களைத்து உட்கார்ந்துவிடும்.

நான் ஒவ்வொரு தடவையும் பழைய கட்சி. எனக்கு அதில் ஒரு சௌகரியம். செத்துப்போனவர்கள் பேரில் எவ்வளவு வேண்டுமானாலும் வீரம் பேசலாம், யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

ரெஜி ஊருக்கு வந்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. சீமைச் சாம்பியன்கள் எதற்கு? நம் ஊரிலேயே பழையது ஒன்று, புதியது ஒன்று இருக்கிறதே. சவரிமுத்துவும் ரெஜியும் மோதினால்? விவாதத்துக்கு ஊரே வரும். வாசகசாலை மாடி தாங்காது. கூடாரத்து மானேஜரிடம் கேட்டேன். மாலை ஆட்டத்துக்கு முன்னால் கூடாரம் சும்மாத்தான் கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றார். மாமாவிடம் கேட்கவில்லை. அவர் பெயரைப் புகழ்ந்து பேசுவதற்கு அவரிடம் எதற்குக் கேட்பது என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்புக்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

செங்கோடன் திருத்திய இலக்கணம்

பஸ் போனதும் அச்சாபீசுக்கு ஓடினேன். எழுத்துக் கோப்பவர் செங்கோடன், மல்லசமுத்திரம் பக்கத்து ஆள். சாந்தமானவர். என் கையெழுத்து அவருக்குப் புரியாது. அதனால் எப்போதும் நான் படிப்பேன், அவர் கோப்பார். அன்றும் அப்படித்தான். நான் அவசரத்தில் படித்திருக்கிறேன். பக்கத்து அறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஏனுங்க, நீங்கதானுங்க ‘மோதுநாள்’னு வாயால சொன்னீங்க. ‘மோதும் நாள்’னு போட்டாத்தானுங்க இலக்கணம்" என்றார் செங்கோடன்.

எங்கள் பக்கத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் காதில் வித்தியாசமே இருக்காது. பேச்சுவாக்கில் நான் சொன்ன "மோதுனால்" அவருக்கு "மோதுநாள்" ஆகிவிட்டது. தப்புத் தமிழாக இருக்கிறதே என்று பாவம், திருத்தவும் திருத்தியிருக்கிறார்.

சரி, கீழே "விவாதக் கூட்டம்" என்று ஒரு வரி இருந்ததே, அது எங்கே என்றேன். காகிதம் கையகலந்தான், பெயர்களைப் பெரிய எழுத்தில் போட்டதில் அந்த வரிக்கு இடமில்லை, எடுத்துவிட்டேனுங்க என்றார். வேறு நோட்டீஸ் உடனே அடிக்க முடியுமா என்றால், யுத்தம் முடியட்டுமுங்க என்று காலி அலமாரியைத் திறந்து காட்டினார்.

வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் இது சண்டை இல்லை, விவாதம் என்று சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சவரிமுத்துவுக்கு உதறல் எடுத்துவிட்டது, மச்சினனை விட்டுச் சமாளிக்கிறார் என்று மத்தியானத்துக்குள் பேட்டை முழுக்கப் பேச்சு. நான் வாயைத் திறக்கத் திறக்க விஷயம் மோசமானது. மூடிக்கொண்டேன்.

கூடாரத்து மானேஜர் அதைவிட மோசம். விவாதத்துக்கு வரும் கூட்டத்தைவிடச் சண்டைக்கு வரும் கூட்டம் பெரியது என்று அவருக்குத் தெரியாதா? பஸ் திரும்பி வந்ததும் அவரே நிலையத்துக்குப் போய் மாமாவைப் பார்த்திருக்கிறார். மாமா, வருகிறேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

இடது கண்

மாமாவின் கண் எந்தச் சண்டையிலும் போகவில்லை. சண்டையெல்லாம் விட்டு, லைசென்ஸ் வாங்கி, பஸ் ஓட்ட ஆரம்பித்து வெகுநாள் கழித்து, ஒரு நாள் காலை எழுந்தபோது இடது கண்ணில் பாதிக்குத் திரை விழுந்திருந்தது. வாரத்துக்குள் முழுக்க இருட்டு.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்தார்கள். பழைய அடிகள் உள்ளே செய்த வேலை, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். வலது கண்ணும் அதே நிலைமையில்தான் இருக்கிறது, தலையில் இன்னொரு பலத்த அடி பட்டால் அதுவும் போய்விடும், ஜாக்கிரதை என்று அக்காவைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார்கள். நான் கூட இருந்தேன்.

வெளியே வந்ததும் மாமா எங்கள் இருவரையும் நேரே கோயிலுக்குக் கூட்டிப்போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தினார். யாரிடமும் சொல்வதில்லை என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஒற்றைக் கண் டிரைவருக்கு லைசென்ஸ் கிடையாது. பஸ்ஸை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஊரில் அவருக்கு மிஞ்சியிருந்த மரியாதை அந்த ஸ்டியரிங்கில்தான் இருந்தது.

அதற்கப்புறம் மூன்று வருஷம் ஓட்டினார். சாலையில் எந்தப் புளியமரம் எங்கே நிற்கிறது என்று அவருக்கு மனப்பாடம். இடது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் தலையை முழுக்கத் திருப்புவார். பிரயாணிகள் அதை ஒரு கம்பீரம் என்று நினைத்தார்கள். நான் அந்த பஸ்ஸில் போக நேர்ந்தால் அவருக்குப் பின்னால் இடது ஓரமாக உட்கார்ந்து, ஆடு மாடு கண்ணில் பட்டால் இருமுவேன். ஆட்டையாம்பட்டி போய் இறங்குவதற்குள் என் சட்டை நனைந்திருக்கும். நாற்பது பேர் ஏறியிருக்கிற பஸ்ஸில், தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாவத்தையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, அவர் சண்டை போடமாட்டேன் என்றால் கோழை என்பார்கள். ஏன் என்று காரணம் சொன்னால் பஸ் போய்விடும். சண்டை போட்டால் கண் போய்விடும். மூன்றில் எது நடந்தாலும் அதற்கு என் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மாமா அன்று விடியற்காலையிலேயே கொல்லையில் கோணிப்பையில் உமி கட்டித் தொங்கவிட்டுக் குத்தினாராம். முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டதாம். தலையில் அடி பட்டால் அந்தக் கண்ணும் போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னதை அன்றே உங்களிடம் சொன்னேனே என்று இவள் அழுதிருக்கிறாள். அவன் கை என் தலைக்கு வந்தால்தானே என்றாராம்.

"அந்த ஒரு கண்ணு அவருது மட்டுமில்ல தம்பி, என்னுதுந்தான். நீ அவுத்துவிட்டது, நீதான் கட்டணும்" என்றாள் அக்கா.

எந்தக் கண்

சனிக்கிழமை மத்தியானம் கூடாரத்துக்குப் போனேன். போலீசுக்குச் சொல்வதா, பஸ் முதலாளிக்குச் சொல்வதா என்று யோசித்து யோசித்து, எல்லாவற்றையும்விடச் சின்னத் துரோகமாக எனக்குத் தோன்றியது இதுதான்.

கூடாரத்துக்குள் தேங்காய் நார் வாசனையும் வியர்வை வாசனையும் அடித்தது. ரெஜி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். அவன் முழங்கை என் தொடை பருமன். எனக்கு வந்த காரியமே மறந்துவிடும்போல இருந்தது.

முதலில் சண்டையை நிறுத்த முடியுமா என்றேன். அது மானேஜர் விஷயம், எனக்கு மாலை நாலு மணிக்கு மேடையில் ஏறு என்றால் ஏறவேண்டும், அவ்வளவுதான் என்றான். ரயில்வே காலனித் தமிழ், மரியாதையாகத்தான் பேசினான். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். மாதாவே மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரு கண்தான் தெரியும், தலையில் அடித்தால் குருடாகிவிடுவார், யாருக்கும் தெரியாது, நீயும் யாரிடமும் சொல்லாதே.

ரெஜி துணி சுற்றுவதை நிறுத்தினான்.

"நல்ல கண்ணு எது மேன்?" என்று கேட்டான்.

வலது என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் துணியைச் சுற்ற ஆரம்பித்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து பத்தடி நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு ஜெயிக்க வேண்டிய ஒருவனிடம், எங்கே அடித்தால் எதிராளி விழுவான் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சொல்லாமல் இருந்திருந்தால் அடி எங்கேயாவது விழுந்திருக்கும். இப்போது குறி வைத்து விழும்.

திரும்பப் போய்க் கேட்கத் தைரியம் இல்லை. கடை வீதியில் நடந்தேன். எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் வலது கண்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்றேன். அது பொய்யில்லை.

நாலு மணி

கூடாரம் நிரம்பி, வெளியே இருந்தவர்கள் படுதாவைத் தூக்கிப் பார்த்தார்கள். முன் வரிசையில் பஸ் முதலாளி உட்கார்ந்திருந்தார். திருச்செங்கோட்டுக்காரர், வெள்ளை வேட்டி. நம்ம டிரைவர் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வரவில்லை. கோயிலில் இருந்தாள்.

மாமா மேடை ஏறினார். பழைய அரைக்கால் சட்டை இடுப்பில் இறுகியிருந்தது. வயிறு கொஞ்சம் தொங்கியது. ஆனால் இரண்டு கையையும் தூக்கி நின்றதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்த நிற்கிற நிலையை இந்தக் காலத்து ஆட்கள் யாரும் நிற்பதில்லை. வாசகசாலைச் சுவரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து நின்ற மாதிரி இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் பயத்தோடு கூடவே பெருமையும் வந்தது. மறைப்பானேன்.

மணி அடித்தது. நான் மேடைக்கு ஓரமாக, ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமாவின் முதல் குத்து ரெஜியின் மார்பில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் பழைய கட்சிக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ரெஜி இரண்டடி பின்னால் போனான். போனவன் நேரே வரவில்லை. சுற்றிக்கொண்டு மாமாவின் இடது பக்கம் வந்தான்.

வலது கண்ணுக்கு எட்டாத பக்கம். அங்கே நின்றுகொண்டு விலாவில் மெல்லத் தட்டினான். தோளில் தட்டினான். மாமா அவன் பக்கம் திரும்பினார். திரும்பத் திரும்ப அவனும் நகர்ந்து மறுபடியும் இடது பக்கமே போனான். முகத்தின் பக்கம் கையே போகவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் சொன்னதை அந்தப் பையன் காப்பாற்றுகிறான். நல்ல கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறான். கம்பத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

இரண்டாவது ரவுண்டில்தான் அடுத்த பயம் பிடித்தது. இடது பக்கம் நின்றவனை மாமாவால் பார்க்க முடியவில்லை. கழுத்தை முழுக்கத் திருப்பித் தேடினார். அவன் இல்லாத இடத்தில் குத்தினார். ஒரு தடவை வெறும் கயிற்றைக் குத்தினார். கூட்டம் சிரித்தது. வயசாகிவிட்டது என்று யாரோ கத்தினார்கள்.

மாமா கைகளைக் கீழே போட்டார். முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அடி என்று அவர் வாய் அசைந்தது. ரெஜியின் வலது கை மடங்கியது. பிறகு இறங்கியது. அவன் மாமாவின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்தான்.

பஸ் முதலாளி சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன். அந்த ரவுண்டு முடிந்து மாமா மூலையில் உட்கார்ந்ததும், அவர் எழுந்து மாமாவின் இடது பக்கமாக வந்து, ஒரு முழம் தள்ளி நின்றார். கையைத் தூக்கி மெல்ல அசைத்தார். மாமா திரும்பவில்லை. முதலாளி கையை இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஆறு ரவுண்டு முடிந்தது. இரண்டு பேர் கையையும் நடுவர் தூக்கினார். சமம். பழைய கட்சி, புதிய கட்சி இரண்டும் ஊளையிட்டன.

மாமா கையுறையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே முதலாளி பக்கத்தில் வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

"சாவியக் குடுத்துருங்க சாமி. நம்ம பஸ்ஸுல நாப்பது உசுரு வருதுங்க" என்றார்.

மாமா கையுறையைக் கழற்றினார். பெட்டியின் மேல் மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையின் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு

அன்று சாயங்காலம் அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கண் தப்பியது, வேலை போனது. அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். வேலை போனதற்காக அழுகிறாள் என்று தேறுதல் சொல்லப் போனேன்.

"மூணு வருசமா அவரு வண்டியெடுத்தா, வந்து சேர்ற வரைக்கும் எனக்கு வயித்துல நெருப்புத்தான். நாளைக்கு இருக்காதில்ல" என்றாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. கண் விஷயத்தை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. வயசாகிவிட்டது, ஓய்வு கொடுத்தேன் என்று ஊருக்குச் சொன்னார். கரி மூட்டைக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார். மாமா போனார். சாயங்காலம் உடம்பெல்லாம் கறுத்து வருவார். ரெஜியின் கம்பெனி அடுத்த வாரமே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு ஈரோட்டுப் பக்கம் போய்விட்டது. அவனுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. பார்த்தால் மாமா கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயம்.

என் பயம் அதோடு தீரவில்லை. மாமா என்றாவது கேட்பார் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டில் சாப்பிட உட்காரும்போது, இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். மூன்று பேருக்குத்தான் தெரியும். மனைவி கூடாரத்துப் பக்கமே வரவில்லை. மிச்சம் யார் என்று கணக்குப் போட அவருக்கு எவ்வளவு நேரமாகும்?

வருஷங்கள் போயின. யுத்தம் முடிந்து பஸ்களுக்குப் பெட்ரோல் வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், அக்கா கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, மாமா தலையை இடது பக்கம் திருப்பி என்னைப் பார்த்தார்.

"தெரியாத பக்கமாவே வந்து நின்னான் மாப்ளே. நின்னும் அடிக்கல. எதுக்கு?"

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் குரலில் கோபம் இல்லை. சொன்னால் மன்னித்தும் விட்டிருப்பார். ஆனால் அந்த மனிதர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. யார் காட்டிக்கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. தனக்குக் கிடைத்தது பிச்சையா என்று கேட்கிறார்.

"பயந்துட்டான் மாமா. மொதல் குத்து மார்ல விழுந்துச்சே, அதுக்கப்பறம் நேருக்கு நேர் வரவேயில்ல. நான் கிட்டத்துல நின்னு பாத்தேன்" என்றேன்.

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமா, கோயில்லகூட எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிட்டாங்க" என்றாள்.

மாமா இலைப்பக்கம் குனிந்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.